பீரோவின் முதுகில் ஒரு ரேடியேட்டர்

ஈரக் காலுறையோடு நடப்பது எனக்குப் பிடிக்காது. பலருக்கும் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன். இதை முதலில் சொல்வதற்குத் தனியாகக் காரணம் எதுவும் இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் நீங்கள் மேலே படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பகலில் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். மாலையில் குளிர்சாதனப் பராமரிப்பு வகுப்புக்குப் போகிறேன். பட்டறைக்குள் நுழைய ஷூ போட்டிருக்க வேண்டும். ஷூவுக்குள் காலுறை இருக்கிறதா என்று சார் குனிந்தே பார்ப்பார். ஒருவன் கணுக்காலில் மட்டும் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவனை ஷூவைக் கையில் பிடித்தபடி வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்க வைத்தார். என்னிடம் இருப்பது இரண்டு ஜோடி. இது மழைக்காலம். எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது, பால்கனி கிடையாது.

காலுறையை எங்கே காயப்போடுவது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் ஆரம்பத்தில் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. நான் ஹாலில் நாற்காலியின் முதுகில் போட்டிருந்தேன். அக்கா பார்க்காமல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“இனிமே உன் சாக்ஸ் இந்த வீட்டுல என் கண்ணுலயும் படக்கூடாது, மூக்குலயும் படக்கூடாது. சொல்லிட்டேன்.”

அந்த உத்தரவை நான் இன்றுவரை மீறவில்லை. இதை யாரும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் முறையாகச் செய்பவன். சந்தேகப்படுபவனும்கூட. தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். “இன்று மழை” என்று எழுதுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பேன். கதவைப் பூட்டினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மூன்று மாடி ஏறியிருக்கிறேன். பூட்டியிருந்தது. கீழே இறங்கியதும் மறுபடி சந்தேகம் வந்தது. இப்படிப்பட்ட ஒருவன் செய்த காரியத்தை, ஏதோ அவசரத்தில் கை தவறி நடந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா, அத்தான், நான். படுக்கையறை அவர்களுடையது. ஹாலில் ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. அத்தானின் அம்மா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அது படுக்கையறைக் கதவுக்குள் நுழையவில்லை, அதனால் ஹாலிலேயே தங்கிவிட்டது. பீரோவின் முகம் ஹாலைப் பார்க்கிறது. முதுகுக்குப் பின்னால் என் கட்டில். எனக்கு இருக்கும் ஒரே சுவர் அதுதான். பீரோவை ஒட்டி அக்காவின் மேசை. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது, முகம் அக்காவின் முழங்காலைப் பார்த்தபடி, முதுகு என் கட்டிலைப் பார்த்தபடி. எந்தக் கம்ப்யூட்டரும் சூடான காற்றை முதுகு வழியாகத்தான் வெளியே விடும்.

அக்கா ஒரு கட்டடக்கலை அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நாம் நடந்து போவதுபோல ஒரு படம் செய்து தருவாள். எல்லாம் வரைந்து முடித்த பிறகு, அதைப் படமாக்கும்படி கம்ப்யூட்டரிடம் விட்டுவிட வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். காலையில் தொடங்கினால் மாலைவரை ஓடும். அவளிடம் இருக்கும் பழைய மென்பொருளில், பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். இந்த முறை அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரு நூலகம். அது நன்றாக அமைந்தால் ஒப்பந்த வேலையை நிரந்தர வேலையாக மாற்றுவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரோ சூடேறிச் சூடேறிப் பாதியில் அணைந்துகொண்டிருந்தது.

குற்றவாளி யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அத்தான்தான்.

அத்தான் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்பவர். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் டீ. காலையில் எழுந்ததும் ஒன்று, குளித்ததும் ஒன்று, குளித்ததும் ஒன்று குடித்துவிட்டோம் என்ற திருப்தியில் இன்னொன்று. ஒருநாள் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் டம்ளரை வைத்தார், அது சாய்ந்தது. உடனே தன் சட்டைக் கையாலேயே துடைத்தார். அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் முதன்முதலாக அணைந்தது. நான் மாலை வகுப்பில் சேர்ந்ததும் ஏறக்குறைய அந்த வாரம்தான்.

“ஒரு மடக்குதாம்மா கொட்டுச்சு.”

“ஒரு மடக்கா? அது உள்ள போயி என்ன பண்ணுச்சோ. நாளைக்கு வேலை போச்சுன்னா உங்க மடக்கையா கொண்டுபோய்க் காட்டுறது?”

“நான் வேணும்னா உங்க ஆபீஸுக்கு வந்து சொல்லட்டுமா?”

“என்னன்னு? டீ குடிச்சேன்னா?”

அன்றிலிருந்து அத்தான் டீயைச் சமையலறையில், சுவரைப் பார்த்து நின்றபடி குடிக்கத் தொடங்கினார்.

அந்த வேளையில்தான் அக்கா என்னிடம் வந்தாள். “நீதான் ஏசி, ஃபிரிட்ஜுன்னு என்னமோ படிக்கிறியே. இதைக் கொஞ்சம் பாரேன்.”

நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பார்த்தேன். பின்பக்கம் போய் அங்கேயும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு எழுந்து வந்து, இதற்குக் காற்று போதாது, தண்ணீர்க் குளிரூட்டல்தான் வேண்டும் என்றேன்.

“தண்ணியா? கரண்ட் போற சாமானுக்குள்ளயா?”

“குழாய்க்குள்ளதான்க்கா போகும். சூட்டை அங்கிருந்து எடுத்துட்டு வந்து வேற இடத்துல விட்டுரும்.”

“சரியாயிடுமா?”

“ஆகலாம்.”

“ஆகலாமா, ஆயிடுமா?”

“ஆகக்கூடும்னு சொல்லலாம்.”

“இவன்கிட்ட ஒரு பதில் வாங்குறதுக்குள்ள லைப்ரரியையே கட்டி முடிச்சிருவாங்க” என்று அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் சிரிக்கவில்லை. சிரிக்கும் உரிமை தனக்கு இப்போது இல்லை என்று நினைத்திருப்பார்.

அன்று மாலை வகுப்பில் சாரிடமும் கேட்டேன். அவர் ஒரு கம்ப்ரஸரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு எதிர்க்கேள்வி கேட்டார்.

“முதல்ல பெட்டியில தூசு தட்டினியா? காத்து போற வழிய ஏதாவது அடைச்சிட்டிருக்கான்னு பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

அது உண்மை. பார்த்தேன். பார்த்ததில் என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

“அப்ப சரி. செய்யி. ஆனா ஒன்னு, அளவு முக்கியம். அளந்துட்டு வெட்டு. வெட்டிட்டு அளக்காதே.”

சாமான்களை அத்தான் வாங்கிக் கொடுத்தார். தனக்கென ஒரு மின்சாரக் கெட்டில் வாங்க அவர் சேர்த்து வைத்திருந்தது அதற்குப் போனது. “என்னாலதானே வந்துச்சு மாப்ளே, நான்தானே செய்யணும்” என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு மனிதர் தன் மனச்சுமையை இறக்கி வைக்க முயலும்போது குறுக்கே நிற்பது சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிராசசர் மேல் உட்காரும் ஒரு செம்புக் கட்டி, ஒரு சின்ன பம்ப், தண்ணீர் நிற்கும் ஒரு குப்பி, வளையும் குழாய், மூன்று மின்விசிறி பொருத்திய நீளமான ரேடியேட்டர். செம்புக் கட்டி சூட்டை வாங்கித் தண்ணீரிடம் கொடுக்கும். தண்ணீர் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே விசிறிகள் காற்றை ஊதி, சூட்டை வெளியே தள்ளும். அந்தக் காற்று இதமாக, வறண்டு, ஒரே சீராக வரும். விளக்கப் படத்தில் அந்தக் காற்றைச் சிவப்பு அம்புகளாகப் போட்டிருந்தார்கள். நான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் மேல்தகட்டை வெட்டித்தான் ரேடியேட்டரைப் பொருத்த வேண்டும். உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி என் கட்டிலில் போர்வைமேல் வரிசையாக வைத்தேன். பெட்டியை அளந்தேன். கோடு போட்டேன். டிரில்லிங் மெஷினால் மூலைகளில் துளையிட்டு, கை ரம்பத்தால் அறுத்தேன். மிகச் சரியாக இருந்தது. ஆனால் மிகச் சரியாக இருந்தால் இறுக்கமாகிவிடுமோ என்று ஒரு சந்தேகம். அரத்தால் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்தேன். இப்போது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, அதனால் மறுபக்கத்தையும் தேய்த்தேன். இரண்டும் சமமா என்று அளந்தபோது, அளவு நாடாவின் முனையில் உள்ள இரும்புக் கொக்கி கொஞ்சம் ஆடுவதைக் கவனித்தேன். அப்படியானால் முதலில் அளந்ததே தவறாக இருக்கலாம். சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். பிறகு ரேடியேட்டரை மேலே வைத்தேன். அது எங்கும் தொடாமல், மரியாதையாக, பெட்டிக்குள் இறங்கி அடியில் போய் விழுந்தது.

“என்ன சத்தம்?” என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள்.

“ஒன்னுமில்லக்கா. ரேடியேட்டர் உள்ள போயிடுச்சு.”

“நல்லாப் போச்சா?”

“முழுசாவே போயிடுச்சுக்கா.”

அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். மேல்தகடு இருந்த இடத்தில் மேல்தகடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. விளிம்பு ஒரு நூல்போல ஓடியது.

“மாப்ளே, இது பெட்டியா, கூடையா?”

புதிய பெட்டி தேட நாள் இல்லை. யாராவது ஒருவர் நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது, அதனால் நான் யோசித்தேன். கம்ப்யூட்டர் பெட்டி என்பது என்ன? இரும்புத் தகட்டால் ஆன பெட்டி, உள்ளே அடுக்கு, முன்னால் கதவு. அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டில் நின்றுகொண்டிருந்தது. தகடு நல்ல கனம். நடு அடுக்கில் மதர்போர்டு தாராளமாக உட்காரும். நகை வைக்கும் குட்டி லாக்கர் பம்ப்புக்கு அளவெடுத்ததுபோல இருந்தது, சத்தமும் வெளியே வராது. நகை எதுவும் அதில் இல்லை. அத்தானின் டீத்தூள் டப்பா ஒன்றுதான் ஒளிந்திருந்தது. அதை நான் பார்க்காததுபோல் எடுத்து அவரிடம் கொடுத்தேன், அவரும் பார்க்காததுபோல் வாங்கிக்கொண்டார்.

பீரோவை வெட்டுவது என்றதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அத்தை வந்தா என்னடா சொல்றது? கல்யாணத்துக்குக் குடுத்ததுடா.”

“பீரோவுக்கும் காத்து வேணும்ல, ஜன்னல் வெச்சிருக்கோம்னு சொல்லிக்கலாம்” என்றார் அத்தான். தன் அம்மா கொடுத்த பீரோவை அவர் அப்படித் தூக்கிக் கொடுத்தார். டீ கொட்டியவர் வேறென்ன செய்வார்.

இந்த முறை நான் ஒருமுறை அளந்ததும் அக்கா நாடாவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அரத்தை அத்தான் எங்கேயோ ஒளித்துவிட்டார். அதனால் துளை சரியாக வந்தது. துளையை நான் பீரோவின் முதுகில், கட்டிலில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் போட்டேன்.

“ஏன்டா உன் கட்டில் பக்கம் வெக்குற? சூடெல்லாம் உன் மேலதானே வரும்?”

“நான் பொறுத்துக்கிறேன்க்கா. உனக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாதுல்ல.”

அக்காவின் முகம் இளகியது. அன்று எனக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்தாள். ரேடியேட்டரைப் பிடித்து நிறுத்தும் திருகுகளில் மேல்வரிசையில் இருந்தவற்றை நான் வெட்டாமல் நீளமாகவே விட்டேன். அத்தான் அதை விரலால் தொட்டுப் பார்த்து, இடித்துக்கொள்ளப் போகிறாய் என்றார். பின்னால் எதற்காவது உதவும் என்றேன்.

தண்ணீரை நிரப்பியவுடன் கம்ப்யூட்டரை ஓட்டக் கூடாது. முதலில் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் வெள்ளையாக எதையாவது விரித்து, தண்ணீரில் பச்சைச் சாயம் கலந்தால், ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். காகிதத் துண்டு வீட்டில் தீர்ந்திருந்தது. கடைக்குப் போக நினைத்தேன். ஆனால் பீரோவுக்குள்ளேயே, இணைப்புகளுக்கு நேர் கீழே, வெள்ளையாக, நன்றாகத் தேய்த்து மடித்து, வரிசையாக அடுக்கியிருந்தது. அதைவிடப் பொருத்தமான இடத்தில் யாராலும் வைத்திருக்க முடியாது.

கசிவு இருந்தது. இரண்டு இணைப்புகளை இறுக்கினேன். மறுபடி ஓட்டினேன், வேறொன்று கசிந்தது, அதையும் இறுக்கினேன். சோதனை மிக நன்றாக நடந்தது.

மறுநாள் அத்தான் வேலையிலிருந்து போன் செய்தார்.

“மாப்ளே, என் சட்டையில பச்சப் பச்சையா புள்ளி இருக்கே, அது என்ன?”

“எந்தப் பக்கம் அத்தான்?”

“தோள்பட்டையில.”

“அப்ப அது குப்பியோட மேல் இணைப்பு. இப்ப சரியாயிடுச்சு. கவலைப்படாதீங்க.”

“மேனேஜர் கேட்டாரு. புது டிசைன்னு சொல்லிட்டேன். என்னைப் பின்னாடி பெட்டி வெக்கிற ரூமுல நிக்கச் சொல்லிட்டாரு” என்றார். கடைசியில், “கம்ப்யூட்டர் ஓடுதுல்ல? அது போதும்” என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர். அதை நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன்.

ஓடத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை காலையில் அக்கா பீரோ சாவியைத் தேடிக் கண்டுபிடித்து, திறந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, நூலகத்தை ஓடவிட்டாள். பெட்டியாக இருந்த காலத்தில் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டுக் கதறும் சூடு, பீரோவான பிறகு ஐம்பதைத் தாண்டவில்லை. அக்கா திரையைப் பார்க்காமல் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேய், நெசமாவே ஓடுதுடா. நீ பெரிய ஆளுடா.”

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் கிடங்குக்குப் போனேன். திரும்பும்போது நல்ல மழை. நனைந்து வந்தேன். அன்று மாலை வகுப்பில் செய்முறைத் தேர்வு இருந்தது. கால் கழுவினேன். கட்டில் பக்கம் போனேன். ரேடியேட்டரை ஒருமுறை சரிபார்த்து, அதில் சிறிய மாற்றம் ஒன்று செய்தேன். பிறகு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றேன். திரையில் வேலை முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருந்தது.

அக்கா சூட்டைக் காட்டும் எண்ணைக் கவனித்தாள். அறுபத்தைந்து. எழுபத்தெட்டு.

“ஏன்டா ஏறுது?”

“ஏறலாம். சில சமயம் ஏறும்.”

அந்த நேரத்தில் அத்தான் வேலை முடிந்து உள்ளே வந்தார், பச்சைப் புள்ளிச் சட்டையோடு. கையில் பை. பைக்குள் மூடி திருகிய ஒரு ஃபிளாஸ்க். எண் தொண்ணூறைத் தாண்டியது. அக்கா கையைப் பிசைந்தாள். பீரோவுக்குள் ஒரு ‘டிக்’. திரை இருண்டது.

அக்கா திரும்பினாள். அவள் கண் நேராகப் பைக்குப் போனது.

“என்னங்க அது?”

“ஃபிளாஸ்க்கும்மா.”

“அதுல என்ன?”

அத்தான் ரொம்ப மெதுவாகத் தலையைக் குனிந்தார்.

“மூடித்தாம்மா இருக்கு. ஹோட்டல்ல மிச்சமாயிருந்துச்சு...”

“இந்த ரூமுக்குள்ள அது வந்தாலே ஆகலைங்க. இன்னும் புரியலையா உங்களுக்கு?” அக்கா அழுதாள். அழும்போது அவள் ஒரு குழந்தைபோல மூக்கைப் புறங்கையால் துடைப்பாள். அத்தான் சமையலறைக்குப் போய், ஃபிளாஸ்க்கைத் திறந்து, அவ்வளவையும் தொட்டியில் ஊற்றினார். ஆவி எழும்பியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இனிமே நான் டீயே தொட மாட்டேன்” என்றார். அக்காவிடம் சொன்னாரா, தொட்டியிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

மூடிய ஃபிளாஸ்க்கிலிருக்கும் டீ, அறைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒரு பீரோவைச் சூடாக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் முழு நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். எதிலும் எனக்கு முழு நிச்சயம் கிடையாது. அது என் சுபாவம். அப்படியிருக்க, அவர்களுக்கு நடுவே நான் என்ன சொல்ல முடியும்? வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கட்டில் பக்கம் போய், வேண்டியதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். செய்முறைத் தேர்வில் சார் குனிந்து பார்த்து, “உன் சாக்ஸ் மட்டும் எப்பவும் காஞ்சே இருக்கே, எப்படிப்பா?” என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

இனி மறைக்க எதுவும் இல்லை. நீங்களும் ஊகித்திருப்பீர்கள்.

அக்கா என்னைப் பார்க்கச் சொன்ன அந்த முதல் நாள், பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தபோது டீக்கறை எதுவும் இல்லை. ஒரு துளிகூட உள்ளே போயிருக்கவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, காற்று வெளியேறும் சல்லடைமேல் என் காலுறைகள் இருந்தன. நான்கும். வகுப்பில் சேர்ந்த வாரத்திலிருந்து அவை தினமும் அங்கேதான் இருந்தன. அக்காவின் கண்ணிலும் மூக்கிலும் படாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான், அதுவும் சூடான காற்று வரும் இடம். காலுறைகளை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். சூடு இறங்கியது. கம்ப்யூட்டருக்கு எந்தக் கோளாறும் இல்லை. காலுறைகளை மறுபடி அங்கே போடாமல் இருந்திருந்தால் போதும்.

ஆனால் அப்புறம் காலுறை எங்கே காயும்? கட்டிலில் உட்கார்ந்து நான் யோசித்தது அதைத்தான். அக்காவின் வேலையும் முக்கியம், என் காலும் முக்கியம். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடு என்று சொல்வது எளிது. இரண்டையும் காப்பாற்றும் ஓர் அமைப்பைச் செய்வதுதான் கடினம். நான் கடினமான வழியை எடுத்தேன். பெரிய ரேடியேட்டர், மூன்று விசிறி, கட்டில் பக்கம், கைக்கு எட்டும் உயரம், மாட்டுவதற்கு நீளமான திருகுகள். கணக்குப்படி ஒரு ஜோடிக்கு அது தாங்கும். வெள்ளிக்கிழமை இரண்டு ஜோடியும் நனைந்திருந்தன. ஓரங்களில் சூடான காற்று வீணாகப் போவதைப் பார்த்து, மேலே ஒரு துண்டையும் போர்த்திவிட்டேன். அந்தத் துண்டு மட்டும் கொஞ்சம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா கெஞ்சிக் கேட்டதில் அலுவலகம் திங்கட்கிழமை மாலைவரை நேரம் கொடுத்தது. அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து நூலகம் மறுபடி ஓடுகிறது. நான் கிடங்கிலிருந்து மழையில் நனைந்து திரும்பிவிட்டேன். அத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். வாசல் படியில், கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தன் மூச்சில் பழைய டீ இருந்தாலும் இருக்கும் என்று பயப்படுகிறார். கீழ்வீட்டில் யாரோ டீ போடுகிறார்கள். அந்த வாசனை படியேறி வரும்போது அவர் எழுந்து ஒரு மாடி மேலே போய்விடுகிறார். போகும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சற்றுமுன் நானே ஒரு டம்ளர் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“வேணாம் மாப்ளே. உங்கக்காவுக்கு வேலை கெடச்சா போதும். நான் குடிச்சு என்ன ஆகப்போவுது.”

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. டீயை வீணாக்காமல் நானே குடித்தேன். பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். டீ கொட்டியது காரணமே அல்ல என்று சொல்ல வேண்டும். சட்டைக்கும், பீரோவுக்கும், கெட்டிலுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்காவிடமும் சொல்ல வேண்டும். இந்த முடிவில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இப்படி ஒன்று நடப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

“டேய்,” அக்கா பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறாள், “எண்பதுன்னு காட்டுதுடா. உன் பக்கம் எல்லாம் சரியா இருக்கா பாரு.”

“சரியாத்தான்க்கா இருக்கு.”

இன்று மாலை வகுப்பு இருக்கிறது. கிளம்புவதற்கு முன் இருவரையும் உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன். தொட்டுப் பார்த்தேன், காலுறையின் விரல் நுனியில்தான் இன்னும் கொஞ்சம் ஈரம். காய்ந்ததும் சொல்லிவிடுவேன்.